எங்கிருந்து விண்ணப்பிப்பது? அமெரிக்க விசாவும் மூன்றாம் நாட்டு வாசலும்

விசா என்பது, ஒரு நாட்டின் எல்லைக்கு வந்து உள்ளே நுழைய அனுமதி கேட்கும் தகுதியை அயல்நாட்டார் ஒருவருக்கு அந்நாட்டு அரசு முன்கூட்டியே வழங்கும் ஆவணம். அதைப் பயணியின் கடவுச்சீட்டில் பதித்துத் தருபவர் அந்த அரசின் சார்பில் வேற்று மண்ணில் பணிபுரியும் துணைத் தூதரக அதிகாரி. விசாவை யாருக்குத் தரலாம், யாருக்கு மறுக்கலாம் என்பதைப் பற்றிச் சட்டங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. விண்ணப்பதாரர் எந்த நாட்டில் நின்று அதைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியோ அவை சில வரிகளோடு நின்றுவிடுகின்றன. பிறந்த நாட்டிலேயே, அதன் குடிமக்களாகவே வாழ்பவர்களுக்கு இந்தச் சில வரிகளால் எந்தச் சிக்கலும் எழுவதில்லை. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் பிழைத்து, வேறொரு நாட்டுக்குப் போக விரும்புபவர்களுக்கோ பயணமும் வேலையும், சில வேளைகளில் உயிரும்கூட, அவற்றைச் சார்ந்தே அமைகின்றன.

தம் குடியுரிமை நாட்டிலும் அல்லாமல், செல்ல விரும்பும் நாட்டிலும் அல்லாமல், வேறொரு நாட்டிலுள்ள தூதரகத்தில் விசா கேட்பவர்களை அமெரிக்க வெளியுறவுத் துறை மூன்றாம் நாட்டவர் என்று வகைப்படுத்துகிறது. துபாயில் பணிபுரியும் திருநெல்வேலிக்காரர் அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் சுற்றுலா விசா கேட்பதும், டெக்சாஸில் பணிபுரியும் சென்னைப் பொறியாளர் காலாவதியான தம் விசாவைப் புதுப்பிக்க மெக்சிகோவுக்குப் போவதும் இவ்வகையில் அடங்கும். இத்தகையோரை அமெரிக்கா கடந்த நூறாண்டுகளில் நடத்திய விதத்தைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு மனிதர் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதை அளக்கப் பிறப்பிடம், குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய மூன்று அளவுகோல்களை அந்த அரசு கையில் வைத்திருந்தது என்பதும், எந்தக் காலத்தில் எதை எடுப்பது என்பதைத் தன் வசதியைக் கொண்டே முடிவுசெய்தது என்பதும் தெளிவாகின்றன. மூன்றாம் நாட்டு வாசல் எந்தக் காலத்திலும் உரிமையாக இருந்ததில்லை; அது திறந்திருந்த ஆண்டுகளிலும் சலுகையாகவே இருந்தது.

எல்லையிலிருந்து தூதரகத்துக்கு

முதல் உலகப் போருக்கு முன்பு, அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியருக்கு விசா தேவைப்படவில்லை. நோய், வறுமை, குற்றப் பின்னணி முதலியவற்றுக்கான சோதனைகள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு போன்ற இறங்குதுறைகளிலேயே நடந்தன. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபின், அவ்வாண்டு ஜூலையில் வெளியுறவுத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து பிறப்பித்த ஆணை, அந்நாட்டுக்கு வரும் அயலார் கடவுச்சீட்டும் அதில் அமெரிக்க அதிகாரியின் விசாவும் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒற்றர்களைத் தடுக்கும் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய இது 1918-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வலுப்பெற்று, போர் முடிந்த பிறகும் நீடித்தது.

1921-இல் வந்த குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டம், 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டாரின் எண்ணிக்கையிலும் 3 விழுக்காட்டினரை மட்டுமே ஆண்டுதோறும் புதிதாக அனுமதித்தது. ஒதுக்கீடு மாதக் கணக்கில் பிரித்துத் தரப்பட்டதால், மாதத்தின் முதல் நாள் பிறக்கும் நள்ளிரவில் கப்பல்கள் போட்டி போட்டுக்கொண்டு நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழைந்தன. பிந்தி வந்த கப்பல்களில் இருந்தவர்கள், சொந்த ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தவர்களாக இருந்தும், திருப்பி அனுப்பப்படும் நிலைக்கு ஆளானார்கள். அதே சட்டம், கனடா, மெக்சிகோ, கியூபா போன்ற மேற்கு அரைக்கோள நாடுகளில் ஓராண்டு தொடர்ந்து வசித்தவர்களுக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளித்திருந்தது. ஐரோப்பியர் பலர் இந்த வழியை நாடவே, 1922-இல் ஓராண்டு என்பது ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. மூன்றாம் நாட்டில் வசிப்பதைத் தகுதியாக ஏற்பதும், அதைப் பலர் பயன்படுத்தத் தொடங்கியதும் வாசலைக் குறுக்குவதும் என்ற போக்கின் தொடக்கத்தை இங்கேயே காணலாம்.

1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அந்த விலக்கை முற்றிலும் நீக்கி, பிறப்பிடத்தையே அளவுகோலாக்கியது. போலந்தில் பிறந்தவர் பிரான்சின் குடிமகனாகி மெக்சிகோவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் அவர் போலந்தின் ஒதுக்கீட்டிலேயே கணக்கிடப்பட்டார். மெக்சிகோவில் பிறந்தவருக்கோ ஒதுக்கீடே இல்லை. ஆசியர் நிலை இதனினும் கடுமையாக இருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தது. 1923-இல் பகத் சிங் திண்டு வழக்கில் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகுதியற்றவர்கள் குடியேறிகளாக வரவே முடியாது என்று 1924-ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது. 1946-இல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடு கிடைக்கும்வரை, எந்த நாட்டில் நின்று விண்ணப்பிப்பது என்ற கேள்வியே இந்தியருக்கு எழவில்லை.

1924-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு விளைவு அமைப்பு சார்ந்தது. யாரை அனுமதிப்பது என்ற முடிவின் பெரும்பகுதி இறங்குதுறையிலிருந்து அயல்நாட்டுத் தூதரகத்துக்கு மாறியது. அங்குள்ள அதிகாரி விசாவை மறுத்தால் அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை என்ற மரபும் வேரூன்றியது. குடியேற்ற விசா அமெரிக்காவுக்கு வெளியே மட்டுமே வழங்கப்பட்டது என்பதால், பார்வையாளராகவோ முறையான ஆவணமின்றியோ உள்ளே வந்துவிட்ட ஒருவர் நிரந்தரமாகத் தங்க விரும்பினால், வெளியே போய் விசா பெற்றுத் திரும்பி வருவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பிறந்த நாடு தொலைவில் இருந்தது; சிலருக்கு அங்கே திரும்புவது ஆபத்தாகவும் இருந்தது. எனவே அருகிலிருந்த மூன்றாம் நாடுகளின் மீது பார்வை திரும்பியது.

அண்டை நாட்டுத் தூதரகங்கள்

இந்த நடைமுறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்து, சுவிட்சர்லாந்தின் குடிமகனாக நீடித்த அவர், 1933 அக்டோபரில் அமெரிக்காவுக்கு வந்து பிரின்ஸ்டனில் வாழத் தொடங்கினார். நிரந்தரமாகத் தங்குவதற்கு வெளியே போய் விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், 1935 மே மாதத்தில் அவர் குடும்பத்துடன் கப்பலேறி பிரிட்டிஷ் காலனியான பெர்முடாவுக்குச் சென்று, அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துவிட்டுத் திரும்பினார். பிறந்த நாடு ஒன்று, குடியுரிமை நாடு ஒன்று, வாழும் நாடு ஒன்று, விண்ணப்பித்த இடம் மற்றொன்று என நான்கும் வெவ்வேறாக இருந்தும் அவருடைய காரியம் எளிதில் முடிந்தது. உலகப் புகழ் அவருக்குத் துணை நின்றது.

புகழ் இன்னும் வந்து சேராத காலத்தில் திரைக்கதை எழுத்தாளர் பில்லி வைல்டர் இதே தேவைக்காக 1934-இல் கலிஃபோர்னியா எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரான மெக்சிகாலிக்குப் போனார். போதிய சான்றிதழ்கள் கையில் இல்லாத நிலையிலும் அங்கிருந்த அமெரிக்க அதிகாரி தமக்கு விசா வழங்கியதை, 1988-இல் ஆஸ்கர் விழாவில் சிறப்பு விருது பெற்றபோது அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அவரும் சார்ல்ஸ் பிராக்கெட்டும் திரைக்கதை எழுதி, மிட்செல் லைசன் இயக்கி 1941-இல் வெளிவந்த 'ஹோல்ட் பேக் த டான்' திரைப்படம், எல்லை தாண்ட ஒதுக்கீட்டு எண்ணுக்காக மெக்சிகோ எல்லையோர ஊரொன்றில் காத்துக்கிடக்கும் ஐரோப்பியரைப் பற்றியது. அன்றைய பார்வையாளருக்குப் புரியும் அளவுக்கு அந்தக் காத்திருப்பு பொது அனுபவமாக இருந்தது.

கனடாவின் எல்லையில் இந்த வழக்கம் முறைப்படுத்தப்பட்ட ஏற்பாடாகவே வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து விசாவுக்காக வருபவர்களுக்கு அது மறுக்கப்பட்டால் அவர்கள் தன் மண்ணிலேயே தங்கிவிடுவார்கள் என்று கனடா அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்க, 1930களின் நடுவில் முன்பரிசோதனை என்ற நடைமுறை உருவானது. இதன்படி அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் விண்ணப்பதாரரை அமெரிக்காவிலேயே விசாரித்து, அவர் தகுதியுடையவர் என்று முன்கூட்டியே உறுதிசெய்தனர். அந்த உறுதியைக் கொண்டு கனடா அவரை உள்ளே விட்டது. அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா பெற்று அவர் சில நாள்களில் சட்டபூர்வக் குடியேறியாகத் திரும்பினார். 1950களின் இறுதிவரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

இந்த நடைமுறையால் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர் என்பதை வரலாற்றறிஞர் மே நாய் தம் ஆய்வுகளில் சுட்டிக்காட்டியுள்ளார். கனடா, மெக்சிகோ முதலிய அண்டை நாட்டார் 1945 முதல் இதிலிருந்து விலக்கப்பட்டனர். குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று சட்டம் வகுத்திருந்த ஆசியருக்கு இது தொடக்கத்திலிருந்தே பயன்படவில்லை. ஆவணமின்றித் தங்கியிருந்த ஐரோப்பியர் ஒருவர் கனடாவுக்கு ஒரு நடை போய்வந்து சட்டத்துக்கு உட்பட்டவராக மாற முடிந்த அதே காலத்தில், அதே நிலையிலிருந்த மெக்சிகர் நாடு கடத்தப்பட்டார். மூன்றாம் நாட்டு வாசல் யாருக்குத் திறக்கிறது என்பது அந்த வாசலின் விதிகளில் மட்டுமன்றி, வருபவரின் தோற்றத்திலும் இருந்தது.

மூன்றாம் நாட்டில் காத்திருக்கும் ஏற்பாடு முறிந்தால் என்னவாகும் என்பதை 1939-இல் செயின்ட் லூயிஸ் கப்பல் காட்டியது. 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்ட பிறகு இரு நாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 என்று இருந்த ஒதுக்கீட்டுக்குப் பல மடங்கு அதிகமானோர் வரிசையில் நின்றனர். 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து ஹவானாவுக்குப் புறப்பட்ட அக்கப்பலின் 937 பயணிகளில் ஏறக்குறைய அனைவரும் யூதர்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க விசாவுக்குப் பதிவுசெய்து, தம் முறை வரும்வரை கியூபாவில் தங்கியிருக்கத் திட்டமிட்டிருந்தனர். அவர்கள் வைத்திருந்த இறங்கு அனுமதிச் சீட்டுகளைக் கியூப அரசு செல்லாதவையாக்கிவிட, 28 பேர் மட்டுமே அங்கே இறங்க முடிந்தது. அமெரிக்காவும் கனடாவும் ஏற்காத நிலையில் கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகள் பயணிகளைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் நாஜிகளின் படுகொலையில் அவர்களில் 254 பேர் மாண்டனர். விண்ணப்பிக்கவும் காத்திருக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதும், அந்த இடத்தைத் தருவது முற்றிலும் வேறொரு அரசின் விருப்பம் என்பதும் இதைவிடக் கொடிய வகையில் வெளிப்பட்டதில்லை.

விசாவும் தங்கும் அனுமதியும்

1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம் இன்றுவரை அமெரிக்க விசா முறையின் அடித்தளமாக இருக்கிறது. தகுதியுடையவர் நாட்டை விட்டு வெளியேறாமலேயே நிரந்தரக் குடியேறியாக மாறுவதற்கான வழியை அது திறந்ததால், கனடா வழியான முன்பரிசோதனைக்குத் தேவை குறைந்து, அது மெல்ல வழக்கொழிந்தது. அதே சட்டம், தற்காலிகமாக வருபவர்களை வேறு வகையில் கட்டுப்படுத்தியது. விசா கேட்கும் ஒவ்வொருவரும் நிரந்தரமாகத் தங்கவே வருகிறார் என்று அதிகாரி முதலில் கருத வேண்டும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்று அதன் 214(பி) பிரிவு கூறுகிறது. சுற்றுலாப் பயணிகளும் மாணவர்களும், கைவிடும் எண்ணமில்லாத வசிப்பிடம் ஒன்று தமக்கு வெளிநாட்டில் உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பிக்கும் இடம் முக்கியத்துவம் பெற்றது இதனால்தான். சென்னையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு அப்பகுதியின் சம்பள நிலவரம், நிலப் பத்திரங்கள், கல்லூரிகளின் தரம், வங்கிக் கணக்கு அறிக்கைகளில் நடக்கும் மோசடிகள் ஆகியவை பழக்கமானவை. அதே தமிழ்நாட்டு விண்ணப்பதாரர் மெக்சிகோ எல்லை நகரொன்றில் வந்து நின்றால், அங்குள்ள அதிகாரிக்கு அவருடைய ஆவணங்களை எடைபோடும் பழக்கம் இருக்காது. எனவே விண்ணப்பதாரர் தாம் வசிக்கும் பகுதிக்குப் பொறுப்பான தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதியாகவும், வேறிடத்தில் நேரில் இருப்பவரின் விண்ணப்பத்தை அங்குள்ள அதிகாரி விரும்பினால் ஏற்கலாம் என்பது சலுகையாகவும் அமைந்தன.

இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வேறுபாடு உண்டு. விசா எல்லைக்கு வரும் தகுதியை மட்டுமே தருகிறது. எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை எல்லையில் உள்ள அதிகாரி ஐ-94 எனப்படும் வருகைப் பதிவில் தீர்மானிக்கிறார். அதனால், உள்ளே சட்டப்படி தங்கியிருக்கும் ஒருவருடைய விசா காலாவதியாகிவிடலாம். அவர் வெளியே போகாதவரை அதனால் தீங்கில்லை. திருமணத்துக்கோ துக்கத்துக்கோ ஊருக்குப் போனால், புது விசா பெறாமல் அவரால் திரும்ப முடியாது.

1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் எச்-1பி எனப்படும் சிறப்புத் தொழில் விசாவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பையும் வகுத்தது. இவ்வகை விசாவுக்கு, திரும்பிப் போகும் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டு, ஆந்திரப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் கணினித் துறைப் பணிகளுக்கு அமெரிக்கா சென்றனர். அவர்களுடைய அன்றாடப் பேச்சில் 'ஸ்டாம்பிங்' என்பது, காலாவதியான விசாவின் இடத்தில் புதியதைக் கடவுச்சீட்டில் பதித்துவரும் பயணத்தின் பெயராகவே நிலைத்தது. திரும்பும் எண்ணம் இனிக் கேள்வியாக இல்லாததால், அவர்களுடைய சொந்த ஊரின் நிலவரம் தெரியாத அதிகாரியும் அவர்களுடைய விண்ணப்பத்தை முடிவுசெய்ய முடிந்தது. கனடா, மெக்சிகோ எல்லையோரத் தூதரகங்கள் அவர்களுக்குத் திறந்ததற்கு இதுவே அடிப்படை. அக்காலத்தில் வெளியுறவுத் துறையே கடவுச்சீட்டை அஞ்சலில் பெற்று, விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பித்து அனுப்பும் வசதியும் இருந்தது. எச், எல் போன்ற பணி விசாக்கள் வைத்திருந்தோர் அதைப் பெரிதும் பயன்படுத்தினர்.

இறுக்கத்தின் காலம்

இறுக்கம் தண்டனை வடிவில் முதலில் வந்தது. 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிய ஒருவருடைய விசா தானாகவே செல்லாததாகிவிடும் என்றும், அவர் இனித் தம் குடியுரிமை நாட்டில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும் என்றும் 222(ஜி) பிரிவாகச் சேர்த்தது. குடியுரிமை நாட்டுக்குத் திரும்பி விண்ணப்பிப்பது இங்கே இயல்பான கடமையாக அன்றி, விதி மீறியவருக்கு விதிக்கப்பட்ட சுமையாகவே கருதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் மூன்றாம் நாட்டு விண்ணப்பங்களின் மீது ஐயத்தை வளர்த்தன. விமானங்களைக் கடத்தித் தாக்கியவர்களுள் எகிப்தியரான முகமது அத்தாவும் லெபனானைச் சேர்ந்த சியாத் ஜர்ராவும் ஜெர்மனியில் மாணவர்களாக வாழ்ந்தவர்கள்; இருவருக்கும் 2000 மே மாதத்தில் விசா வழங்கியது பெர்லினிலுள்ள அமெரிக்கத் தூதரகம். ஜெர்மனியில் அவர்கள் நீண்ட காலம் வசித்தது அவர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர்களுடைய கூட்டாளியும் யேமன் நாட்டவருமான ரம்சி பின் அல்-ஷிப்ஹுக்கோ அதே ஆண்டில் பெர்லினிலும் சனாவிலும் விண்ணப்பித்தும் விசா மறுக்கப்பட்டது. அதற்குக் காரணம் பயங்கரவாதத் தொடர்பன்று, அவர் அமெரிக்காவிலேயே தங்கிவிடுவார் என்ற வழக்கமான ஐயமே. வசிப்பிடத்தை நம்பகத்தன்மையின் சான்றாகக் கொள்ளும் முறை எதைக் கண்டுபிடிக்கும், எதைத் தவறவிடும் என்பது இதனால் விளங்கியது.

தொடர்ந்து வந்த மாற்றங்கள் வேகமாக நிகழ்ந்தன. கனடா அல்லது மெக்சிகோவுக்கு 30 நாள்களுக்குள் போய்வருபவர் காலாவதியான விசாவுடனேயே திரும்பலாம் என்ற தானியங்கிப் புதுப்பிப்பு விதி முன்பிருந்தே இருந்தது. அதன் துணையால், அங்கே புது விசா கேட்டு மறுக்கப்பட்டவரும் பழைய ஐ-94 பதிவைக் காட்டி அமெரிக்காவுக்குள் வந்துவிட முடிந்தது. 2002 ஏப்ரல் முதல், அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்தவருக்கு இந்த வசதி கிடையாது என்றானது. அதே ஆண்டு மே மாதத்தில் நிறைவேறிய எல்லைப் பாதுகாப்புச் சட்டம், 2004 அக்டோபருக்குள் விசாக்களில் கைரேகை போன்ற உடல் அடையாளங்களைச் சேர்க்க வேண்டும் என்றது. அஞ்சலில் வரும் கடவுச்சீட்டுக்குக் கைரேகை எடுக்க முடியாது என்பதால், உள்நாட்டுப் புதுப்பிப்பு வசதி 2004 ஜூலை 16-உடன் நிறுத்தப்பட்டது.

இவ்வாறு, உள்ளே புதுப்பிக்கும் வழி அடைபட்டதும் அண்டை நாட்டுத் தூதரகங்களுக்குப் போவோர் பெருகினர். ஆனால் அந்தப் பயணத்தின் இடர் முன்னைவிடக் கூடியிருந்தது. வான்கூவரிலோ டொரன்டோவிலோ சியூடாட் ஹுவாரெஸிலோ விண்ணப்பித்தவருக்கு விசா மறுக்கப்பட்டாலும், கூடுதல் ஆய்வுக்காக 221(ஜி) பிரிவின் கீழ் நிறுத்திவைக்கப்பட்டாலும், வாடகை வீடும் வண்டியும் பிள்ளைகளின் பள்ளியும் அமெரிக்காவில் இருக்க, அவர் அங்கேயே காத்திருக்கவோ நேரே இந்தியாவுக்குப் பறக்கவோ வேண்டியிருந்தது. கனடாவுக்குள் நுழைய இந்தியருக்குக் கனடிய விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பவர் தனி விசா இல்லாமலேயே வரலாம் என்று மெக்சிகோ 2010-இல் அறிவித்தபோதும், ஸ்டாம்பிங்குக்காகப் போகிறவரின் அமெரிக்க விசா பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும் என்பதால் அச்சலுகை அவருக்குப் பயன்படவில்லை. ஒரு விசாவைக் கேட்கப் போவதற்கே இன்னொரு விசாவை முதலில் கேட்க வேண்டிய நிலை அது.

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் தூதரகங்கள் வழக்கமான விசா பணிகளை நிறுத்தியதன் விளைவாக, 2022-இல் இந்தியாவில் முதன்முறை சுற்றுலா விசா கேட்போர் நேர்காணலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. அந்த நெருக்கடியில், வெளிநாடு செல்லும் இந்தியர் தாம் போகும் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விண்ணப்பிக்க முடியும் என்று புதுதில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகமே 2023 பிப்ரவரியில் பாங்காக்கை எடுத்துக்காட்டி வெளிப்படையாக அறிவித்தது. உள்ளூர் நிலவரம் அறிந்த அதிகாரியே முடிவுசெய்ய வேண்டும் என்ற பழைய கோட்பாடு, வரிசை நீண்டபோது எளிதாக ஒதுங்கிக்கொண்டது. 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 26 வரை, எச்-1பி விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்கும் சோதனைத் திட்டமும் நடந்தது. 20,000 பேர் வரை இடமளித்த அத்திட்டம், குறிப்பிட்ட காலப்பகுதிகளில் இந்தியாவிலோ கனடாவிலோ விசா பெற்றிருந்தவர்களை மட்டுமே ஏற்றது.

சொந்த நாட்டில் வாசல் இல்லாதவர்கள்

மூன்றாம் நாடு சிலருக்கு வசதியாகவும், வேறு சிலருக்கு ஒரே வழியாகவும் இருந்துவருகிறது. 1980 ஏப்ரலில் அமெரிக்கா ஈரானுடன் தூதரக உறவை முறித்துக்கொண்ட பிறகு, டெஹ்ரானில் அமெரிக்க விசா பெற வழியில்லாமல் போய், ஈரானியர் பல பத்தாண்டுகளாக அங்காரா, எரவான், துபாய் போன்ற நகரங்களுக்குப் பயணம் செய்துவருகின்றனர். 2017-இல் ஹவானாவில் அமெரிக்கத் தூதரகப் பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டபின், குடியேற்ற விசா கேட்ட கியூபர்கள் தென் அமெரிக்காவின் வட விளிம்பிலுள்ள கயானாவின் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு அனுப்பப்பட்டனர். இங்கே குடியுரிமை என்ற அளவுகோல் எந்த விடையும் தருவதில்லை.

நாடு நீங்கிய அகதிகளின் நிலையும் இதற்கு அருகிலானது. 1922-இல் நாடற்ற ரஷ்ய அகதிகளுக்காக நான்சென் கடவுச்சீட்டு உருவானது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, அகதிக்கு அடைக்கலம் தந்த நாடே பயண ஆவணம் வழங்க வேண்டும் என்றது. இலங்கையிலிருந்து வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் அகதி நிலை பெற்ற ஈழத் தமிழர்கள், அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும்வரை இத்தகைய ஆவணத்துடனேயே பயணம் செய்தனர். கொழும்புக்குத் திரும்பி விண்ணப்பிப்பது அவர்களால் இயலாதது. திரும்பினால் அகதி நிலையே கேள்விக்குள்ளாகும். அவர்களைப் பொறுத்தவரை வசிப்பிடம் மட்டுமே பொருந்தும் அளவுகோல்.

ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் விசா முறை வசிப்பிடத்தையே முதன்மையாகக் கொண்டிருப்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அதன் விசா விதித்தொகுப்பின் 6-ஆவது பிரிவு, விண்ணப்பதாரர் சட்டப்படி வசிக்கும் பகுதிக்குப் பொறுப்பான தூதரகமே விண்ணப்பத்தை ஆராய வேண்டும் என்கிறது. வேறு நாட்டில் சட்டப்படி தற்காலிகமாக இருப்பவர், அங்கே விண்ணப்பிப்பதற்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கப்படலாம். சிங்கப்பூரில் பணி அனுமதியுடன் வாழும் தமிழர் பாரிஸுக்குப் போக விரும்பினால், அவர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அவருக்கு அங்கே தொடர்ந்து வசிக்கும் அனுமதி இருப்பதே, அவர் திரும்பிப் போவார் என்பதற்குச் சான்றாகிறது.

2025-ஆம் ஆண்டின் விதி

2025 செப்டம்பர் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை, தற்காலிக விசா கேட்கும் அனைவரும் தம் குடியுரிமை நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோ மட்டுமே நேர்காணலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தது. வசிப்பிடத்தைக் காரணம் காட்டுவோர் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றும், வேறிடத்தில் விண்ணப்பித்தால் தகுதி பெறுவது கடினமாகலாம், கட்டணமும் திரும்பக் கிடைக்காது என்றும் அது எச்சரித்தது. வழக்கமான விசா பணி நடைபெறாத நாடுகளின் குடிமக்களுக்குக் குறிப்பிட்ட நகரங்கள் ஒதுக்கப்பட்டன: ஆப்கானியருக்கு இஸ்லாமாபாத், ஈரானியருக்கு துபாய், ரஷ்யருக்கு அஸ்தானாவும் வார்சாவும், வெனிசுவேலருக்கு போகோட்டா, யேமனியருக்கு ரியாத் என அப்பட்டியல் நீள்கிறது. மனிதாபிமான, மருத்துவ, வெளியுறவுக் காரணங்களுக்காக அரிதாக விலக்கு அளிக்கப்படலாம். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இந்தியருக்குச் சுட்டிக்காட்டப்பட்ட பாங்காக் வழி, இவ்வறிவிப்போடு ஏறக்குறைய அடைபட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த விதி குடியுரிமைக்கும் வசிப்பிடத்துக்கும் சமமான இடம் தருகிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் முன்போலவே அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அமெரிக்காவிலேயே வேலை பார்த்து, வரி செலுத்தி, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாழும் எச்-1பி பணியாளருக்கு வசிப்பிடம் என்ற தேர்வால் பயனில்லை. அவர் வசிக்கும் நாடு அமெரிக்கா. அந்நாட்டுக்கான விசாவை வழங்கும் தூதரகம் அந்நாட்டிலேயே இருக்க முடியாது. உள்நாட்டுப் புதுப்பிப்போ நிலையான நடைமுறையாக இல்லை. எஞ்சுவது குடியுரிமை நாடு ஒன்றே. உலகில் எந்த நாட்டில் வசித்தாலும் அந்த வசிப்பிடத்தை ஏற்கும் விதி, அமெரிக்காவில் வசிப்பதை மட்டும் வசிப்பிடமாகக் கொள்ளாததுபோல் செயல்படுகிறது. 1935-இல் பிரின்ஸ்டனில் வாழ்ந்த ஐன்ஸ்டைனுக்கு இருந்த அதே தடை இது. அவருக்குத் திறந்திருந்த பெர்முடா வழி இப்போது இல்லை என்பதே வேறுபாடு.

பழைய அளவுகோல்களில் எதுவும் கைவிடப்படவும் இல்லை. சென்னையில் பிறந்து கனடாவின் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் பணிபுரியும் ஒருவர், நிரந்தரக் குடியேற்ற அட்டைக்கான வரிசையில், பிறப்பிடத்தின் அடிப்படையில், ஆண்டுக்கு ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பின் கீழ் இந்தியராகவே நிற்கிறார். எச்-1பி பணிக்காக எல்லையைக் கடக்கும்போது கனடியக் குடியுரிமையின் அடிப்படையில் விசாவே இல்லாமல் நுழைகிறார். அவருடன் பணிபுரியும் இந்தியக் குடிமகனான தம்பியோ, ஸ்டாம்பிங்குக்காக டொரன்டோவுக்குப் போகாமல் சென்னைக்கே வர வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பத்தை ஒரே அரசு மூன்று விதமாக அளக்கும் இந்நிலையில், ஒருவர் எங்கே உரியவர் என்பதற்கு விசாச் சட்டம் விடை தேடியதில்லை என்பது விளங்குகிறது. அது தேடியது, விசா மறுக்கப்பட்டால் அவரை ஏற்கக் கடமைப்பட்ட நாடு எது என்பதையே. அந்தக் கடமையை மறுக்க முடியாத நாடு குடியுரிமை நாடு மட்டுமே என்பதால், இறுக்கம் வரும் காலங்களிலெல்லாம் விதி அந்த நாட்டையே சென்றடைகிறது.